அப்பா பேசியதில் பாதியைக் காணோம்

கடைமடை:
போன கார்த்திகை மழையில் எங்கள் சம்பா ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுத்து, கையில் எடுத்தால் வழுவழு என்றிருந்தது. இருபது நொடி வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். மறுநாள் அதுவே சோக இசையோடு, ‘டெல்டா மூழ்குகிறது’ என்று சிவப்பு எழுத்தில், ரீல்ஸாகச் சித்தப்பாவின் வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துவிட்டது.

அப்பா பேசியது இதுதான்: “வேரு அழுவிப் போச்சு. மழைய மட்டும் சொல்லி என்ன பண்றது, வடிகால்ல காட்டாமணக்கு மண்டிக் கெடக்கு, தண்ணி எங்க போவும்?” ரீல்ஸில் ‘அழுவிப் போச்சு’ வரைதான் இருந்தது. போனைக் காதோடு வைத்து மூன்று தடவை கேட்டுவிட்டு, “மிச்சம் எங்கடா?” என்றார்.

கீழே கமென்ட்டில் பாதிப் பேர் கர்நாடகாவைத் திட்டுகிறார்கள் (வெள்ளத்துக்குமா!). மீதிப் பேருக்கு அமெரிக்காக்காரன் ஹார்ப் (அலாஸ்காவில் இருக்கும் மேல்வளிமண்டல ஆய்வுக்கூடம்) வைத்துப் புயல் அனுப்புகிறான்.

தென்னந்தோப்பு:
நான் பேராவூரணி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். மேலே சொல்ல வேண்டியதில்லை. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்றாலே அந்தப் பழைய வீடியோக்கள் கிளம்பிவிடும். போன வருஷம் திருப்பூரிலிருந்து அத்தை அழுதுகொண்டே போன் செய்தார். அனுப்பச் சொல்லிப் பார்த்தால், மோட்டார் கொட்டகை மேல் மரம் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் கொட்டகை. எங்கள் மரம். ‘இன்று காலை’ என்று போட்டிருந்தது. அதே இடத்தில் வைத்த கன்று இப்போது பாளை விட்டிருக்கிறது.

குறுவை:
கடைமடை, வடிகாலைச் சொல்லியே பருவநிலை மாற்றத்தைக் கடந்துபோக முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அது மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில், அறுவடை நேரத்தில் பெய்ததே? அரசு நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பை 17%இலிருந்து 20% ஆக்கும்படி ஆனது. தை மாதத்து மழைக்கு எந்தக் காட்டாமணக்கு காரணம்? இதையே எங்கள் ஊர் குரூப்பில் எழுதினேன். பதிலுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வந்தது.

களத்துமேடு:
என் வயலும் மூழ்கியதுதான், அதை விடுங்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் தண்ணீரை வடியுங்கள். வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள். தண்ணீர் நிற்கும்போதே யூரியாவைக் கையால் வீசினால் காசுதான் கரையும். அடுத்த பட்டத்துக்கு சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் பாருங்கள், இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். பூக்கிற நேரத்தில் மூழ்கினால் அதுவும் உதவாது. இன்சூரன்ஸ் கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், வீடியோ எடுத்தால் ஊர், தேதி இரண்டையும் வாயாலேயே சொல்லுங்கள். எழுத்தாகப் போட்டால் அழித்துவிடுவான்.

கடைமடை:
ஜிங்க் அப்போதே தெளித்தாச்சு அண்ணே, பாதி தேறியது. குறுவை, மழை மாறவில்லை என்று அப்பா சொல்லவில்லையே. இரண்டையும்தான் சொன்னார். இப்போதெல்லாம் நான் போனைத் தூக்கினாலே எடுத்த எடுப்பில் காட்டாமணக்குதான், பயிர் அப்புறம்தான்.