கிராஸ் செக்ஷன்: ‘குறுக்குவெட்டு’ வேண்டாம், ‘படுபரப்பு’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வருகிற நியூட்ரான் ஓர் அணுக்கருவோடு வினைபுரிய எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு பரப்பாகச் சொல்லும் அளவுதான் கிராஸ் செக்ஷன். நியூட்ரான் சோதனைகளில் வரும் கிராஸ் செக்ஷனுக்குக் ‘குறுக்குவெட்டு’ போதும், பழகிய சொல்தானே என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு என்றால் சரி, கம்பியை அறுத்தால் ஒரு வட்டம் தெரியும், அதை அளந்துகொள்ளலாம். அணுக்கருவை யாரும் அறுப்பதில்லை. அப்படியே அறுத்தாலும் அந்த வட்டத்துக்கும் சோதனையில் கிடைக்கும் எண்ணுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

கேட்மியம்-113 கருவை ஒரு பந்தாக நினைத்துக் கணக்கிட்டால் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1 பார்ன், அதாவது 10⁻²⁴ சதுர செ.மீ. ஆனால் அறை வெப்பநிலையில் மெதுவாக உலவும் நியூட்ரானுக்கு அதே கரு சுமார் 20,000 பார்ன் பரப்பில் விரிந்து கிடப்பதுபோல் நடந்துகொள்கிறது. செனான்-135-க்கு இது ஏறத்தாழ 26 லட்சம் பார்ன். 1944-ல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் புதிதாகத் தொடங்கிய அணு உலை சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிப்போனது இந்தச் செனான் சேர்ந்து நியூட்ரான்களை விழுங்கியதால்தான். அதே கேட்மியத்திடம் வேகமான நியூட்ரான் வந்தால் எல்லாம் சேர்த்துச் சில பார்ன்தான். கரு மாறவில்லை, வருகிற நியூட்ரானின் ஆற்றல் மாறியது, அவ்வளவுதான். இதைப் போய் ‘வெட்டு’ என்று சொன்னால் படிக்கிற மாணவர் கருவின் அளவைத்தான் நினைப்பார், அப்புறம் ஆற்றலைப் பொறுத்து மாறும் வரைபடத்தைக் காட்டினால் திகைத்து நிற்பார். நான் அப்படித்தான் நின்றேன், வெகுநாள்.

எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள என்-டாஃப் நிலையத்தில் புரோட்டான் துடிப்பு ஒன்றை ஈயக் கட்டியின் மேல் மோதவிடுகிறார்கள். எல்லா ஆற்றலிலும் நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் கிளம்பி 185 மீட்டர் குழாயில் ஓடுகின்றன. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளது சுமார் 13 மைக்ரோ விநாடியில் வந்துவிடும், 1 எலக்ட்ரான் வோல்ட் உள்ளது 13 மில்லி விநாடி கழித்து மெதுவாக வந்து சேரும். வந்த நேரத்தை வைத்தே எது என்ன ஆற்றல் என்று பிரித்துவிடலாம். பொதுவாக இதுபோன்ற நேர அளவைச் சோதனைகளில் மிக எளிமையானது இதுதான்: மாதிரித் தகட்டை வழியில் வைத்து, வந்து சேரும் நியூட்ரான்களை ஒருமுறை எண்ணு, எடுத்துவிட்டு ஒருமுறை எண்ணு. குறைந்தவை எல்லாம் ஏதோ ஒரு கருவின் மேல் ‘பட்டவை’. ஒரு மில்லிமீட்டர் கேட்மியத் தகட்டை வைத்தால் மெதுவான நியூட்ரான்களில் லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான் தப்பி வரும்.

இந்தப் ‘படுதல்’தான் என் சொல்லுக்கு வேர். படுபரப்பு. படுகதிர், படுகோணம் என்று ஒளியியலில் நாம் ஏற்கெனவே புழங்குகிற அதே வினைத்தொகை. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, தயவுசெய்து ‘படுப்பரப்பு’ என்று எழுதிவிடாதீர்கள்.

இழையில் முன்வந்த மற்ற இரண்டு சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். ‘நிகழ்தகவுப் பரப்பு’ என்பதில் கருத்து சரி, ஆனால் நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் நடுவில் நிற்க வேண்டியது, அதை 26 லட்சம் என்ற எண்ணோடு சேர்த்துப் படிக்கும்போது இடறுகிறது. ‘இடைவினைப் பரப்பு’ தவறில்லை. ஆனால் முன்னால் சிதறல், கவர்வு (கரு நியூட்ரானை உள்வாங்கிக்கொள்வது) என்று ஏதாவது சேர்த்தால் வால் நீண்டு, ஒரு வாக்கியத்தில் மூன்று முறை வந்தால் மூச்சு முட்டும். வெறும் ‘பரப்பு’ போதும் என்றவருக்கு ஒன்று: ‘பிளவுப் பரப்பு’ என்று எழுதிப் பாருங்கள், படிகம் உடைந்த முகப்புதான் நினைவுக்கு வரும்.

படுபரப்பை வைத்து எழுதினால் இப்படி வரும்: மெதுவான நியூட்ரானுக்கு யுரேனியம்-235-ன் பிளவுப் படுபரப்பு ஏறத்தாழ 585 பார்ன், கவர்வுப் படுபரப்பு சுமார் 99 பார்ன். தகடு வைத்து எண்ணும் சோதனை தருவது மொத்தப் படுபரப்பை மட்டும், ஏனென்றால் சிதறிப் போனதும் கவரப்பட்டதும் அங்கே ஒரே கணக்கு. கவர்வை மட்டும் பிரிக்க வேண்டுமானால் கவர்ந்த கரு உமிழும் காமாக் கதிர்களைப் பிடிக்க வேண்டும், அப்போது பெரும்பாலும் தங்கம்-197-ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், அதன் கவர்வுப் படுபரப்பு 98.7 பார்ன் என்று நன்றாகத் தெரிந்திருப்பதால். வாசித்துப் பாருங்கள், எங்காவது தடுக்கினால் சொல்லுங்கள்.

‘படுமோசம்’ போல ‘படு’ என்றால் ‘மிக’ என்று எடுத்துக்கொள்வார்களே என்ற கேள்வி நியாயமானது. படுகதிரை யாரும் ‘மிகுந்த கதிர்’ என்று படிப்பதில்லை. இயற்பியல் பக்கத்தில் வரும்போது பொருள் இடம் பார்த்து உட்கார்ந்துவிடும்.

மேக்ராஸ்கோபிக் கிராஸ் செக்ஷன்தான் உண்மையான சிக்கல். பெயரில் பரப்பு, அலகோ ஒரு செ.மீ.க்கு இத்தனை. ஆனால் அது ஒரு கன செ.மீ.க்குள் இருக்கும் எல்லாக் கருக்களின் படுபரப்பையும் கூட்டியது, சதுர செ.மீ.யைக் கன செ.மீ.யால் வகுத்தால் அந்த அலகு வந்துவிடுகிறது. அதனால் ‘பருமப் படுபரப்பு’ என்று வைக்கலாமா? ‘பேரளவுப் படுபரப்பு’ என்றால் பெரிய பரப்பு என்று தோன்றும்.

பார்னைக் களஞ்சியம், தொழுவம் என்று மொழிபெயர்க்கும் யோசனையை விட்டுவிடுவோம். 1942 டிசம்பரில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவேயும் பேக்கரும், கருவுக்கு இது தானியக் கொட்டகை அளவு பெரிய பரப்பு என்று வைத்த பெயர், ஆனால் இப்போது அது ஒரு அலகு. வோல்ட்டையும் ஆம்பியரையும் நாம் அப்படியே வைத்திருப்பது போல இதுவும் பார்னாகவே இருக்கட்டும்.

கோணத்தைப் பொறுத்து மாறும் டிஃபரென்ஷியல் வகைக்கு ‘வகையீட்டுப் படுபரப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘கோணவாரிப் படுபரப்பு’ இன்னும் தெளிவோ என்ற சந்தேகமும் இருக்கிறது. சிதறல் பற்றி எழுதுபவர்கள் இரண்டையும் ஒரு பத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.