ருமேனிய மொழியில் சின்னதாக ஒரு உதவி கேட்கும்போது: உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு தருணம் (அனுபவப் பகிர்வு)

ட்ராம்_41

இரண்டுக்கும் பொருள் 'தயவுசெய்து'தான்: 'தெ ரோக்' நாம் 'நீ' என்று பேசுபவரிடம், 'வ ரோக்' 'நீங்கள்' என்று பேசுபவரிடம். இது இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புக்கரெஸ்ட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட் பில் கவுன்ட்டர். வரிசையில் நின்ற பையன், நம்ம ஊர்தான், வந்து மூன்று மாதம் இருக்கும், பை கேட்கிறான்: "உம் தாய் ஒ பூங்க, வ ரோக்?" ஸ்கேனரோடு அந்த அம்மாவின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. அப்புறம் பையை எடுத்து வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

நடந்தது இது. 'உம்' என்றால் 'எனக்கு', 'தாய்' என்றால் 'தருகிறாய்'. வினையை 'நீ' வடிவில் சொல்லிவிட்டு, கடைசியில் 'வ ரோக்' என்று 'நீங்கள்' போட்டால், தமிழில் "ஒரு பை தர்றியா, தயவு பண்ணுங்க" என்று கேட்ட மாதிரி. மரியாதை வினைச்சொல்லிலும் வரணும்: "உம் தாட்ஸ் ஒ பூங்க, வ ரோக்?" அதே மாதிரி 'உன்னால் முடியும்' என்பதற்கான பொட்ஸ் புதெட்ஸ் ஆகும், 'உனக்கு வேணும்' என்பதற்கான வ்ரெய் வ்ரெட்ஸ் ஆகும், 'கொண்டுவருகிறாய்' என்பதற்கான அதூச் அதுசெட்ஸ் ஆகும். ஒற்றை ஆளாக இருந்தாலும் பன்மை வினைதான். நம்ம 'நீங்கள்' மாதிரியே.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? பாடத்தில் முதலில் வருவது 'நீ' வடிவம். தெருவில் காதில் விழுவதோ 'வ ரோக்'. இரண்டும் வாயில் வந்து மோதுகின்றன. கடையில் வினைச்சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து: "ஒ பூங்க, வ ரோக்." தப்பு செய்ய அதில் இடமே இல்லை. சந்தேகம் வந்தால் எப்போதும் 'நீங்கள்' பக்கமே நில்லுங்கள்.

க்ளூஜ்_கமீன்

கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடை, அலுவலகம், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்றால் சரி. சம வயசுக்காரர்களிடம் 'எப்போதும் நீங்கள்' என்பது மரியாதை ஆகாது. விலகி நிற்பது ஆகிவிடும்.

மாணவர் விடுதிச் சமையலறை. ஒரு பையன் அறைத்தோழியிடம் உப்பு கேட்கிறான்: "புதெட்ஸ் ஸம் தாட்ஸ் ஸார்யா, வ ரோக்?" ஒரு பிழை கிடையாது. அந்தப் பெண் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது வந்து நிற்கிறார்களோ என்று. பிறகு உப்பைத் தள்ளிவிட்டு, "ஹாய் ஸ நெ துதுயீம்" என்றாள். நமக்குள் 'நீ' என்றே பேசிக்கலாம் என்று அர்த்தம். இதை யாராவது சொன்னால் உடனே மாறிவிடணும். மறுபடி 'வ' போட்டால் அந்த அழைப்பை மறுத்ததாகிவிடும். வயசு வித்தியாசம் இருந்தால் மூத்தவர்தான் இதை முதலில் சொல்வது வழக்கம், நாம் முந்தக்கூடாது.

அந்த மேசையில் கேட்டிருக்க வேண்டியது: "உம் தாய், தெ ரோக், ஸார்யா?" நேர்ப்பொருள் 'உப்பைத் தருகிறாயா', வெறும் நிகழ்காலக் கேள்வி. கட்டளை வடிவம் 'தம் ஸார்யா'. நண்பர்களுக்குள் அதுவும் ஓடும், ஆனால் குரலில் இளக்கம் இல்லாவிட்டால் வெட்டென்று இருக்கும். கேள்வியாகக் கேட்டால் குரல் கொஞ்சம் பிசகினாலும் காப்பாற்றிவிடும். இன்னொன்று, 'ஸாரெ' என்றால் ஏதோ கொஞ்சம் உப்பு. மேசையில் இருக்கிற அந்த உப்பு 'ஸார்யா'. கையைக் காட்டிக் கேட்கும் பொருளுக்கெல்லாம் சொல்லின் வாலில் இந்த ஒட்டு வரும்.

எனக்கும்_என்னையும்

'தெ ரோக்' இருக்கணுமா, எங்கே வைக்கணும் என்றே எல்லாரும் பேசுகிறோம். ருமேனியர்கள் தங்களுக்குள் கேட்கும்போது பாதி நேரம் அந்தச் சொல்லே வருவதில்லை. வேலையை வேறு சொற்கள் செய்கின்றன.

ஓர் அலுவலகத்தில் மதிய இடைவேளை. ஒருத்தி பக்கத்து மேசையைப் பார்த்து: "உம் தாய் ஷி மியே உன்கர்கதோருல் உன் பிக்?" சார்ஜரைக் கொஞ்சம் எனக்கும் தர்றியா. அங்கே வேறு யாரும் சார்ஜர் கேட்கவில்லை. அப்புறம் ஏன் 'எனக்கும்'? புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தவர் இந்த 'ஷி மியே'யில் அப்படியே சிக்கி, வேறு யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேடினார்.

'எனக்கும்' என்பதில் உள்ள அந்த 'உம்', ருமேனியத்தில் 'ஷி', எண்ணிக்கைக்கு வந்ததில்லை. கேட்பவர் தன்னைச் சின்னதாக்கிக்கொள்வதற்கு வந்தது. பந்தியில் "எனக்கும் கொஞ்சம் ரசம்" என்கிறோமே, அதே தொனி. 'உன் பிக்', 'புட்ஸீன்' இரண்டும் 'கொஞ்சம்'. "வீனோ புட்ஸீன்" என்றால் அச்சாக "கொஞ்சம் வா". யாரும் அளவு பார்த்துக் கொஞ்சமாக வருவதில்லை, இரண்டு மொழியிலும்.

இனி நம்ம ஆட்கள் விழும் இடம். 'தருவது', 'சொல்வது' போன்ற வினைகளோடு 'ஷி மியே': எனக்கும். 'உதவுவது', 'காத்திருப்பது' இவற்றோடு 'ஷி பெ மீனெ': என்னையும். "ம அஜூட்ஸ் ஷி பெ மீனெ தொவ மினூதெ?" இரண்டு நிமிஷம் உதவுறியா என்று பொருள். தமிழில் 'எனக்கு உதவு' என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் "ம அஜூட்ஸ் ஷி மியே" என்று வந்துவிடும். அது பிழை. ருமேனிய மொழி உதவியை இரண்டாம் வேற்றுமையில் வாங்குகிறது. 'என்னை உதவு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பேசுங்கள்.

இதே குழப்பம் நன்றியில் தலைகீழாக வரும். 'தெ ரோக்' என்பது 'உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்', இரண்டாம் வேற்றுமை. அதே அச்சில் 'தெ முல்ட்ஸுமெஸ்க்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது 'உன்னைத் திருப்திப்படுத்துகிறேன்' என்று ஆகிவிடும். நன்றி நான்காம் வேற்றுமை: 'உட்ஸ் முல்ட்ஸுமெஸ்க்', உனக்கு. குழப்பமாக இருந்தால் மொட்டையாக 'முல்ட்ஸுமெஸ்க்', நெருங்கியவர்களிடம் 'மெர்ஸி'. மெர்ஸியில் அழுத்தம் முதல் அசையில்.

ட்ராம்_41

'ஷி மியே' பற்றிச் சொன்னது அருமை. ஆனால் 'தெ ரோக்' தேவையே இல்லை என்று புதியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேற்றுநாட்டு உச்சரிப்போடு, மென்மைச் சொற்களும் சரியாக விழாமல், 'தெ ரோக்'கும் இல்லாமல் கேட்டால் அதட்டல்தான் கேட்கும். முதல் ஆறு மாதம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எனக்கும்_என்னையும்

தேவையில்லை என்று எழுதவில்லை. 'தெ ரோக்' மட்டும் போட்டால் மென்மை வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பிரச்சினை என்கிறேன். "தெ ரோக் ஃப்ருமோஸ்" எடுத்துக்கொள்ளுங்கள். 'அழகாகக் கேட்டுக்கொள்கிறேன்'. குழந்தைக்கு இப்படித்தான் கேட்கக் கற்றுக்கொடுப்பார்கள். இதையே பெரியவர் ஒருவர் தட்டையான குரலில் சொன்னால் கடைசி எச்சரிக்கை. சொல் ஒன்றுதான்.

ப்ரஷோவ்_ஜன்னல்

ஜூலை மாதம், புக்கரெஸ்ட்டிலிருந்து ப்ரஷோவ் போகும் ரயில், ஏசி இல்லாத பெட்டி. ஜன்னல் பக்கம் நின்ற பெண் எதிரே இருந்த நம்மாளிடம் கேட்கிறாள்: "தெ ஸூப்பெர் தாக்க தெஸ்கீத் புட்ஸீன் ஜாமுல்?" இவர் சிரித்த முகத்தோடு "தா, தா" என்கிறார். அவள் கை ஜன்னல் பிடியிலிருந்து கீழே வந்துவிட்டது. ப்ரஷோவ் வரைக்கும் ஜன்னல் திறக்கவில்லை. ஏன் என்று இவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

கேள்வி 'திறக்கலாமா' இல்லை. 'திறந்தால் கோவிச்சுக்குவியா'. அதற்கு 'தா' என்றால் 'ஆமாம், கோவிச்சுக்குவேன்'. சம்மதம் என்றால் "நு, தெலோக்", இல்லவே இல்லை. சொல்லும்போது கையால் ஜன்னலைக் காட்டிவிட்டால் சந்தேகமே வராது. "தெ தெரன்ஜ்யாஸ தாக்க..." என்று தொடங்குவதும் இதே ரகம், 'உனக்குத் தொந்தரவா' என்பது. அதற்கும் 'நு'தான் சம்மதம்.

நாம் கேட்கும் பக்கம் இருந்தால், "ம த்ராஜெ குரென்துல்" என்று பதில் வரலாம். 'காற்றோட்டம் என்னை இழுக்குது' என்று பொருள். ஜன்னலுக்கு ஜன்னல் பாயும் காற்று பட்டால் கழுத்து பிடிக்கும், காது வலிக்கும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள எண்ணம். அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வாதமும் வேண்டாம். ஒரே ஒரு முறை "த்வார் உன் பிக்?" என்று கேட்கலாம், கொஞ்சமே கொஞ்சம் என்று. அதற்கு மேல் கேட்டால் மரியாதை போய்விடும்.

'கோவிச்சுக்குவியா' என்று கேட்ட அதே வினையில்தான் தெரியாதவரை நிறுத்தும் சொல்லும் இருக்கிறது: "நு வ ஸுப்பராட்ஸ்", தப்பா நினைக்காதீங்க. இளைஞர்களிடம் "நு தெ ஸுப்பரா". வழி கேட்க, நேரம் கேட்க, எதற்கும் இதுதான் வாசல். மன்னிப்புக் கேட்பதாக நினைத்து யாரும் பதறமாட்டார்கள்.

ஒலி_முதலில்

கொவ்ரிக் என்கிற முறுக்கு வடிவ ரொட்டி விற்கும் கடை ஜன்னல். ஒருவர் "தொய் கொவ்ரிகி, வ ரோக்" என்றார், கடைக்காரர் இரண்டு விரலைக் காட்டி உறுதி செய்துகொண்டு கொடுத்தார். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் இந்த இழையில் எல்லாரும் தமிழ் எழுத்தில் எழுதுவதைப் பார்த்ததும், யாரும் கேட்காவிட்டாலும் சிலதைச் சொல்லியே ஆகணும் என்று தோன்றுகிறது.

ஒன்று கொவ்ரிக், இரண்டு என்றால் 'கொவ்ரிஜ்'. 'தங்க'த்தில் வரும் மெலிந்த 'க' ஒலி, பின்னால் இகரமோ எகரமோ எழுத்தில் வந்தால் 'ஜ' ஆகிவிடும். மேலே வந்த 'த்ராஜெ'யும் இதே விதிதான். கடைசியில் எழுதியிருக்கும் இகரம் முழுசாக ஒலிக்காது. உதட்டில் வடிவம் மட்டும் வைத்து மூச்சாக விட்டுவிடணும். 'பொட்ஸ்' என்று இங்கே எழுதுவதற்குக் காரணம் அது. 'பொட்ஸி' என்று இரண்டு அசையாக இழுத்தால், கேட்பவர் வேறு சொல்லைத் தேடுவார்.

'தெ ரோக்', 'தாய்' இரண்டிலும் தமிழில் ஒரே தகரம். அங்கே இரண்டும் வேறு. 'தெ' நம்ம 'தலை'யில் வரும் த. 'தாய்' என்பதில் வருவது 'பந்து'வில் வரும் மெலிந்த த. அதே 'பந்து'வை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. அந்தக் குற்றியலுகரம்தான் 'உம் தாய்' என்பதன் முதல் ஒலிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். உதட்டைக் குவித்து 'ஊம்' என்றால் கெட்டது. நமக்கு இது பிறந்த வீட்டுச் சொத்து, பல ஐரோப்பியர்கள் இந்த ஒலிக்குத் திணறுவார்கள்.

'வ ரோக்' என்பதில் 'வ' குறுகியது, வாய் பாதிதான் திறக்கணும். 'வா ரோக்' என்று நீட்டாதீர்கள். 'ரோக்' முடியும் இடம் 'பாக்கு'வின் க் இல்லை, 'தங்க'த்தின் க. 'ரொக்க்' என்று அழுத்தி முடித்தால் கெஞ்சல் போய் உத்தரவு போல விழுகிறது, இதைக் கவனித்துப் பாருங்கள். 'அஜூட்ஸ்' என்பதில் வரும் ஜ நம்ம 'ராஜா'வின் ஜ இல்லை. நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல், 'ஷ'வுக்குக் குரல் கொடுத்த மாதிரி உரசணும்.

கஃபியா_மேசை

கொவ்ரிக்கை விட காபிக்கடையில் காதில் விழுவதுதான் என்னை உறுத்துகிறது. "பொத் ஸ ஆம் ஒ கஃபியா?" ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக் கேட்பது. காபி கிடைக்கும், ஆனால் 'என்னால் ஒரு காபி வைத்திருக்க முடியுமா' என்கிற மாதிரி. "ஒ கஃபியா, தெ ரோக்" போதும், முன்பின் தெரியாத கடையில் 'வ ரோக்'. இன்னும் இளக்கம் வேண்டுமா, "அஷ் வ்ரியா ஒ கஃபியா". 'வ்ரியாவ்' என்றால் வேணும், 'அஷ் வ்ரியா' என்றால் கிடைச்சா நல்லா இருக்கும்.

பேனா மாதிரி பொருள், அவரிடம் இருக்குமோ இருக்காதோ என்றால் 'கும்வா' சேருங்கள்: "ஆய் கும்வா உன் பிக்ஸ்?" உன்கிட்ட பேனா ஏதும் இருக்குமா. இல்லை என்று சொல்ல அவருக்கு வழி விட்டுக் கேட்பது.

'ஃபீ த்ரகூட்ஸ்' பற்றி யாரும் சொல்லவில்லை. 'நல்ல பிள்ளையா இரு' என்று தொடங்கிக் கேட்பது. பெண்ணிடம் 'த்ரகூட்ஸ' என்று மாறணும். நெருங்கியவர்களிடம் மட்டும். பெரியவரிடமோ தெரியாதவரிடமோ வாயைத் திறக்காதீர்கள், மேலிருந்து பேசுவது போல இருக்கும்.

க்ளூஜ்_கமீன்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பெரிய உதவி என்றால் இந்தச் சின்னச் சொற்கள் தாங்காது. "ஆம் ஒ ருகமீன்தெ" என்று முதலில் சொல்லி நிறுத்துங்கள், ஒரு வேண்டுகோள் இருக்கு என்று. அவர் "ஸ்பூனெ", அதாவது 'சொல்லு', என்றதும் கேளுங்கள்.

கதவோரம்

கூட்டமான ட்ராம். ஒரு பாட்டி, கதவருகே நின்ற நம்மாளின் தோளைத் தொட்டு: "கொபொரூட்ஸ் லா ப்ரீமா?" அடுத்ததில் இறங்குறீங்களா. இவர் பணிவாக "நு" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பாட்டி மறுபடி கேட்டார். இவர் மறுபடி "நு". ட்ராம் நின்றது, கதவு திறந்தது, பாட்டி பையை முன்னே தள்ளிக்கொண்டு இவர் இடுப்போரமாக நசுங்கி இறங்கினார்.

தகவலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. வழி விடுங்க என்பதன் மரியாதையான வடிவம். நம்ம டவுன் பஸ்ஸில் "இறங்குறீங்களா?" என்றால் வாய் பதில் சொல்லும் முன்பே உடம்பு நகர்ந்துவிடும் இல்லையா, அதேதான். 'நு' என்றால் கூடவே ஒதுங்கணும். முன்னால் இருப்பவரும் இறங்குபவர் என்றால் 'தா' என்பார், அவர் பின்னாலேயே போய்விடலாம்.

நாம் இறங்கணும், கதவை யாரோ மறைக்கிறார்கள் என்றால் நிறுத்தம் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கதவு திறந்த பிறகு கேட்டால் யாராலும் நகர முடியாது. அப்போது சொல்ல வேண்டியது, "நு வ ஸுப்பராட்ஸ், கொபோர் ஷி யெவ்." மேலே 'எனக்கும்', 'என்னையும்' என்று எழுதினாரே, அதே 'ஷி' இங்கே எழுவாயோடு வருகிறது: நானும் இறங்குறேன்.