தனியா மீன் பிடிக்கிறப்ப போட்டோ: மீன் மங்கலா வருது, ரிமோட் வேலை செய்யல, அவசரம்

ஒத்தராடு:
வணக்கம். தனியாத்தான் போவேன், எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. போன் ஸ்டாண்டும் ப்ளூடூத் ரிமோட்டும் வாங்கியாச்சு. ரிமோட்டை அமுக்கினா போட்டோ எடுக்கல. டைமர்ல எடுத்தா மீன் மங்கல். ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.

தங்கூசி:
என்ன போன்? என்ன மீன்? எத்தனை மணிக்கு? ஸ்டாண்ட் எவ்வளவு தள்ளி இருக்கு? மங்கல்னா படம் முழுக்கவா, மீன் மட்டுமா? உங்க முகம் தெளிவா இருக்கா?

தூண்டிமுள்:
ரிமோட்டை அமுக்கினதும் திரையில என்ன ஆகுது? ஒண்ணுமே ஆகலையா, வேற ஏதாவது ஆகுதா?

கழிமுகத்தான்:
மாசம் ரெண்டு தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. தம்பி, மீனைக் கையில தூக்கின பிறகு கேமராவோட மல்லுக்கட்டக் கூடாது. எல்லாத்தையும் தூண்டில் போடுறதுக்கு முன்னாடியே செட் பண்ணணும். இது அரிச்சுவடி.

விரால்பித்தன்:
ரிமோட், டைமர் ரெண்டையும் தூக்கிப் போடுங்க ப்ரோ. மீன் கரைக்கு வந்ததும் வீடியோவை ஓட விடுங்க. மீனைத் தூக்கி அப்படி இப்படித் திருப்பிக் காட்டிட்டு விட்டுடுங்க. வீட்டுக்குப் போய் நல்ல பிரேமா (வீடியோவுல ஒரு தனிப் படம்) பார்த்து எடுத்துக்கலாம். 4கே வீடியோவுல ஒரு பிரேம் 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். பிரிண்ட் போடவே போதும். 1080ல வைக்காதீங்க, 20 லட்சம்தான் வரும்.

தூண்டிமுள்:
விடியக்காலையில இது ஏமாத்தும். வெளிச்சம் கம்மின்னா விநாடிக்கு 30 பிரேம் வீடியோவுல போன் ஷட்டரை (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்குற நேரம்) 1/30 விநாடி வரைக்கும் இறக்கிடும். மீன் ஒரு துள்ளு துள்ளினா அந்த பிரேம் முழுக்க இழுவிடும். 60 பிரேம்ல வைங்க, 1/60க்குக் கீழ இறங்க வழியே இல்ல. இன்னொண்ணு, வெயில்ல 4கே ஓட விட்டா போன் சூடாகி தானா நின்னுடும். தூண்டில் போட்டதுல இருந்தே ஓட விடாதீங்க.

ஒத்தராடு:
சாம்சங். கொடுவா. காலைல.

தங்கூசி:
கேட்டது ஆறு, வந்தது மூணு. சரி, மங்கல்ல மூணு வகை உண்டு, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற.

படம் முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி, வெளிச்சம் பக்கம் கோடு கோடா இருந்தா லென்ஸ்ல வழவழப்போ உப்போ ஒட்டியிருக்கு. மீன் பிடிச்ச கையோட போனைத் தொட்டா இதுதான் கதி. நல்ல தண்ணி நனைச்ச துணியால முதல்ல துடைங்க, அப்புறம் காஞ்ச துணி. சட்டை நுனியால உப்பைத் தேய்ச்சா கீறல் விழும்.

வால் மட்டும் இழுவியிருந்தா ஷட்டர் மெதுவு. ப்ரோ மோடுல (எல்லாத்தையும் நாமளே வைக்கிற கேமரா மோடு) ஷட்டர் 1/250 வைங்க, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோ. படத்துல கொஞ்சம் பொடிப் புள்ளி விழுந்தாலும் பரவாயில்ல.

முகம் பளிச்சுன்னு இருந்து மீன் மட்டும் மங்கலா இருந்தா, போன் முகத்தைப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணுது, நீங்க மீனைக் கேமராவை நோக்கி நீட்டுறீங்க. போன் நாலடியில இருந்து மீன் அதுக்கு ரெண்டடியில வந்தா மங்கத்தான் செய்யும். ஏழடி தள்ளி வைங்க, முழங்கையை மடக்கி மீனை நெஞ்சோட ஒட்டிப் பிடிங்க. இன்னும் உறுதியா வேணும்னா, நிக்கப் போற இடத்துல ராடை (தூண்டில் கம்பை) நட்டு வைச்சு, திரையில அது மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டிடுங்க. கால் வைக்கிற இடத்துல ஒரு கோடு கிழிச்சுக்குங்க.

0.5 லென்ஸ் (அகலமா எடுக்கிறது) வேண்டாம். கை பூசணிக்காய் மாதிரி தெரியும்.

கழிமுகத்தான்:
கையை நீட்டி ஒண்ணரைக் கிலோவை அஞ்சு கிலோவாக் காட்டுற கூட்டத்துக்கு இதெல்லாம் ஏறாது. நேர்மையா எடுக்கணும்னா அளவு டேப் ஒட்டின பலகையில மீனைப் படுக்க வைச்சு மேல இருந்து எடு. இல்ல லிப் கிரிப்ல (மீன் வாயைக் கவ்விப் பிடிக்கிற கருவி, தராசோட வர்றது) மாட்டித் தொங்கவிட்டு எடு, அதுலயே எடையும் தெரிஞ்சிடும்.

ஈரக்கை:
சார், பெரிய கொடுவாவைத் தாடையில மட்டும் மாட்டித் தொங்கவிட்டா மொத்த எடையும் தாடை மூட்டுல இறங்கும். திரும்ப விடுற மீனுக்கு அது நல்லதில்ல. கிரிப் வாயைப் பிடிக்க மட்டும், இன்னொரு கை வயித்துக்குக் கீழ. எடை வேணும்னா வலையோட தூக்குங்க, பிறகு வலை எடையைக் கழிச்சுக்குங்க.

கழிமுகத்தான்:
குழம்புக்குப் போற மீனுக்குத் தாடை எதுக்கு?

ஈரக்கை:
குழம்புக்குன்னா ஐஸ்ல போட்டுட்டு நிதானமா எடுங்களேன், தனியா இருந்தா என்ன, ஊரோட இருந்தா என்ன. அவசரம் விடுற மீனுக்குத்தான். அதுக்கு 10 விநாடிக்கு மேல காத்து காட்டக் கூடாது. ரெடி ஆகிற வரைக்கும் வலையில, தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்.

விரால்பித்தன்:
விராலுக்கு அந்த 10 விநாடி எல்லாம் கிடையாது, அது காத்தை நேராவே சுவாசிக்கிற ஜாதி.

ஈரக்கை:
காத்து தாங்கும், காஞ்ச கை தாங்காது. மீன் மேல இருக்கிற வழவழப்பு உரிஞ்சு போகும். கையை நனைச்சுட்டுத் தொடுங்க. கொடுவாவுக்கு இன்னொண்ணு: செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, அங்க விரல் விடாதீங்க.

தூண்டிமுள்:
அவர் கேட்டது ரிமோட்டைப் பத்தி. அந்தச் சின்ன ரிமோட் எல்லாம் போனுக்கு வால்யூம் கீ மாதிரிதான் போய்ச் சேரும். கேமரா செட்டிங்ஸ்ல ஷூட்டிங் மெத்தட்ஸ்னு இருக்கும், அதுல வால்யூம் கீ எதுக்குன்னு பாருங்க. ஜூம்னு இருந்தா ரிமோட் ஜூம்தான் பண்ணும். போட்டோ எடுக்கன்னு மாத்துங்க. உள்ளங்கையைக் காட்டினா எடுக்கிறதும் குரல் கொடுத்தா எடுக்கிறதும் அங்கேயே இருக்கு. ஆனா கொடுவாவுக்கு ரெண்டு கையும் வேணும், கடல் காத்துல குரல் எடுபடாது.

ரொம்ப நேரம் சும்மா கிடந்தா ரிமோட் தூங்கிடும், முதல் அமுக்கல் எழுப்ப மட்டும். கைக்குப் பதிலா கால்: ரிமோட்டை ஜிப் கவர்ல போட்டு லூர் (செயற்கை இரை) டப்பா மூடி மேல வைங்க, கட்டைவிரலால அமுக்குங்க. 3 விநாடி டைமரும் சேர்த்து வைச்சா காலைப் பார்த்துட்டு இருக்கிற மாதிரி படம் வராது.

விரால்பித்தன்:
ஸ்டாண்ட் சேத்துல சாயுதுன்னா, ஒண்ணரை இன்ச் பிவிசி பைப் நாலடி, ஒரு முனையைச் சரிவா அறுத்து ஓரடி குத்துங்க. மேல எண்ட் கேப், நடுவுல ஓட்டை, உள்ள இருந்து கால் இன்ச் போல்ட், வெளிய நட். அதுல மொபைல் கிளாம்ப் நேரா ஏறும். போல்ட் 5 மில்லிமீட்டர் வெளிய நீட்டினா போதும், நீளமா இருந்தா கிளாம்ப் உக்காராது. 6 எம்எம் போல்ட் தருவாங்க, வாங்காதீங்க, ஆடும்.

கழிமுகத்தான்:
பைப் எல்லாம் எதுக்கு, ராடு ஸ்டாண்டுலயே கிளாம்ப் மாட்டலாம்.

தூண்டிமுள்:
அதுல ராடு இருக்கும் சார்.

ஒத்தராடு:
ஜூம்லதான் இருந்துச்சு. மாத்திட்டேன், எடுக்குது. நன்றி எல்லாருக்கும்.

தங்கூசி:
நல்லது. முகம் தெளிவா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

ஈரக்கை:
ஞாயிறு முடிஞ்சு திங்களும் ஆச்சு. ஆளைக் காணோம்.