புதுப்பிப்பு: மைதான பாஸ் கிடைத்துவிட்டது
எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாத எனக்கு மைதானத்துக்குள் கேமராவோடு போக பாஸ் தருவார்களா என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, கிடைத்துவிட்டது, கிரிக்கெட்டுக்கு இல்லை, தடகளத்துக்கு. போட்டி நடத்துபவர்களுக்கு நான் முன்பு எடுத்த படங்களை மட்டும் அனுப்பியபோது யாரும் பதிலே போடவில்லை. சின்ன இணைய இதழ் ஒன்றின் ஆசிரியரிடம் 'இவர் எங்களுக்காகப் படமெடுக்கிறார்' என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே மெயில் போட்ட பிறகுதான் வேலை நடந்தது. ஃபிளாஷ் கூடாது, ஓடுபாதையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். சரி, நியாயம்தான்.

ஒலிம்பிக்கில் படமெடுக்க பாஸ் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டவருக்கு: பத்திரிகையாளர்களுக்கான பாஸ் ஒதுக்கீடு பெரும்பாலும் அந்தந்த நாட்டு ஒலிம்பிக் சங்கம் வழியாகத்தான், அதுவும் ரொம்ப முன்பே முடிந்துவிடும்.

அப்புறம், தூரத்தில் இருப்பவர்களைக் கிட்டத்தில் காட்ட 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் போதவே இல்லை. அடுத்த முறை இன்னும் தூரம் எட்டும் 400 மி.மீ. லென்ஸ் வாடகைக்கு எடுக்கணும்.