பி.ஏ. சமூகவியல் புராஜெக்ட், யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். பென்னாகரம் பக்கம், பி.ஏ. சமூகவியல் கடைசி வருடம். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்பா, அம்மா இரண்டு பேருமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோதான் வருவார்கள், அதுவரை பிள்ளைகள் பாட்டியிடம். அந்தப் பாட்டிகளைப் பற்றித்தான் புராஜெக்ட்.

சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948-ல் மைசூர் பக்கம் ராம்புரா கிராமத்தில் தங்கிப் பார்த்ததுபோல கூடவே இருந்து கவனிப்பதா, இல்லை கேள்வித்தாள் போதுமா? தாளை எடுத்தாலே "ரேஷன் கார்டுக்கா கண்ணு?" என்று கேட்டு ஆதாரை நீட்டுகிறார்கள்! துர்கைம், வெபர் மாதிரி சமூகவியல் முன்னோடிகள் எல்லாம் மனப்பாடம், இதற்கு அவர்கள் உதவவில்லை.

களஆய்வு செய்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால், எத்தனை பேரைப் பார்க்கணும், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் ஒப்புதல் எப்படி வாங்குவது என்று சொல்லுங்கள். அப்புறம், தமிழில் ஆய்வுமுறை புத்தகம் இருந்தால் பெயரைப் போடுங்கள்.