கலைச்சொல்: கிரீன் பேங்க் என்பதற்குப் ‘பசுமை வங்கி’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

கிரீன் பேங்க் என்றால் சூரிய ஒளி, காற்று போன்ற தூய ஆற்றல் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலோர் ‘பசுமை வங்கி’ பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இப்படி ஓர் ஆதாயநோக்கற்ற நிறுவனத்தைப் புதிதாகத் தொடங்கி நடத்துகிறவர், தாங்கள் யார், என்ன செய்கிறோம் என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் விளக்கியாக வேண்டும். நாம் தரும் சொல் அந்த விளக்கத்தில் பாதியையாவது சுமக்க வேண்டும்.

> ஆங்கிலத்திலேயே பேங்க் என்றுதானே இருக்கிறது, நாம் ஏன் மாற்ற வேண்டும்?

ஆங்கிலப் பெயரே பொருத்தமில்லாதது என்பதால்தான் ஐயா. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 2011இல் தொடங்கியதுதான் அந்நாட்டின் முதல் மாநில கிரீன் பேங்க். அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதில்லை, நீங்களோ நானோ போய்க் கணக்குத் தொடங்க முடியாது. பிரிட்டன் 2012இல் அரசுப் பணத்தில் தொடங்கிய கிரீன் இன்வெஸ்ட்மெண்ட் பேங்க்கும் இப்படித்தான், 2017இல் அது மெக்வாரி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதே 2012இல் ஆஸ்திரேலியா இதே வேலைக்கு அமைத்த நிறுவனத்தின் பெயரில் பேங்க் என்ற சொல்லே கிடையாது, தூய ஆற்றல் நிதிக் கழகம் என்றுதான் பெயர். ஆக ஆங்கிலத்திலும் ஒரே வழக்கு இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நிறுவனங்கள் வங்கிகளோடு போட்டி போடப் பிறந்தவை அல்ல, இந்தத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்கி நிற்கும் வங்கிகளைக் கூட்டிக்கொண்டு வரப் பிறந்தவை. அப்படியிருக்க, நாங்களும் ஒரு வங்கி என்று சொல்லிக்கொண்டு வங்கி அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சு தொடங்கும்போதே கோணலாகிவிடும்.

> அப்படியானால் ‘பசுமை நிதி’ என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமே?

இதை நானும் முதலில் யோசித்தேன் அம்மா. ஆனால் நிதி என்றதும் நம் காதில் நிதியுதவி, நன்கொடை, மானியம் என்றுதான் விழுகிறது, அதாவது திருப்பித் தர வேண்டாத பணம். புதிய நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய இடையூறு இருக்க முடியாது. கூரையில் சூரியத் தகடு போட விரும்பும் பள்ளிக்குக் கொடுக்கும் பணம், மின்கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து தவணையாகத் திரும்பி வந்தால்தான் அடுத்த பள்ளிக்குப் போகும். மானியமாகக் கொடுத்தால் ஒரு சுற்றோடு தீர்ந்துவிடும்.

ஏன் கடன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருள் செலவு காலமெல்லாம் தொடரும். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் விலை இல்லை, ஆனால் கருவிக்கும் நிறுவுவதற்கும் ஆகும் செலவு கிட்டத்தட்ட முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட வேண்டும். எனவே அந்த மின்சாரம் கடைசியில் என்ன விலைக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பதில் வட்டி விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வங்கியோ சின்னத் திட்டம், புது மாதிரிக் கடன், முன்பு திரும்பி வந்ததற்கான பதிவு இல்லை என்று வட்டியை ஏற்றும், அல்லது ஒதுங்கிக்கொள்ளும். சிறிய கடனைச் சரிபார்க்க ஆகும் உழைப்பும் பெரிய கடனுக்கு ஆவதைவிட அவ்வளவு குறைந்துவிடாதே!

அதனால் என் பரிந்துரை தூய ஆற்றல் சுழல்நிதியம். சுழல்நிதி, அதாவது கடனாகப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் கடனாகப் போகும் பணம், சுயஉதவிக் குழுக்கள் வழியாக ஏற்கெனவே மக்கள் வாயில் புழங்கும் சொல், அகராதியைப் புரட்டத் தேவையில்லை. இந்தக் கருத்தும் தமிழுக்குப் புதிதல்ல. கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க நெய்க்காக ஆடுகளை விட்டவர்கள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் எழுதிவைத்தார்கள். நெய் வந்துகொண்டே இருக்கும், ஆட்டுக் கணக்கு குறையாது. முதல் கரையாமல் பயன் மட்டும் தொடர்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

> அமெரிக்காவில் இவற்றுக்கு அரசு கொடுத்ததே மானியம்தானே?

ஆமாம். அங்கே 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் 2,700 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் 1,400 கோடியை 2024 ஏப்ரலில் மூன்று ஆதாயநோக்கற்ற அமைப்புகளுக்கு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, ஆட்சி மாறிய பிறகு, சுற்றுச்சூழல் முகமை அந்த மானியங்களை ரத்து செய்வதாக அறிவிக்க, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அப்படி ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள், ஆட்களை எடுத்தாயிற்று, திட்டங்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கையில் பணம் இல்லை. வரும்போது மானியம், போகும்போது கடன் என்ற இந்த இரட்டைத் தன்மையை ‘நிதியம்’ தாங்கும் என்று நினைக்கிறேன். நிதி என்பது பணம், நிதியம் என்பது அதை ஆளும் அமைப்பு. மூலதனம் ஒரே இடத்திலிருந்து வரக்கூடாது என்பது தலைமை ஏற்பவர் முதல் நாளிலேயே இயக்குநர் குழுவிடம் பேச வேண்டிய விஷயம், ஆனால் அது தனி மடலுக்கு உரியது.

அப்புறம், ஃபர்ஸ்ட் லாஸ் என்பதற்கு ‘முதல் இழப்பு’ வேண்டாம். முதல் என்றால் மூலதனமும் ஆகுமே, முதலையே இழப்பது என்று படித்துவிடுவார்கள். கடன் திரும்பாவிட்டால் இழப்பின் முதல் பகுதியை இந்த நிதியம் ஏற்கும், அதைத் தாண்டினால்தான் வங்கிக்கு அடி. அந்த உறுதியை நம்பித்தான் வங்கி உள்ளே வருகிறது. ‘முன்னிழப்பு ஏற்பு’ என்று வைக்கலாம்.

டீ-ரிஸ்கிங், அதாவது கடன் கொடுப்பவருக்கு உள்ள இடரைக் குறைப்பது, என்பதற்கு வந்த ‘இடர்நீக்கம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. இடர் எங்கும் நீங்கிப் போவதில்லை, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ‘இடர்க்குறைப்பு’, ‘இடர்ப்பகிர்வு’ இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியவில்லை. கடன் ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதிப் பழகியவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்