நொய்யலைக் காப்பாத்துனது சந்தையா?

உப்புக்கணக்கு:
பக்கத்துத் திரியில ஒருத்தர் எழுதியிருக்காரு: "வெளிநாட்டு பையர் பசுமை கேட்டாங்க, திருப்பூர் மாறுச்சு. நொய்யலைக் காப்பாத்துனது சந்தைதான்." படிச்சதும் பத்திக்கிட்டு வருது. 2006ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசால தொடங்கி 10 பைசா வரைக்கும் அபராதம் போட்டுச்சு. அசைஞ்சாங்களா? 2011 ஜனவரி 28ல எல்லாச் சாயப்பட்டறையையும் மூடுன்னு உத்தரவு வந்தப்புறம்தான் அவனவன் ஓடுனான். சரி, அது கிடக்கட்டும். கழிவுத்தண்ணியை ஒரு சொட்டும் வெளிய விடாத 'பூஜ்யக் கழிவு'ன்னு மார்தட்டுறவங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: அந்தத் தண்ணியைக் காய்ச்சுனா கடைசியில மிஞ்சுற கலப்பு உப்பு, அந்த மிக்ஸ்டு சால்ட் எங்க போகுது?

பனியன்காரன்:
வந்துட்டாருய்யா. கோர்ட்டு உத்தரவு போட்டா, சவ்வு வழியா தண்ணியைத் தள்ளி உப்பைப் பிரிக்குற ஆர்ஓ தானா ஓடுமா? கடன் வாங்கி பிளாண்ட் கட்டுனது தொழில்காரன். உத்தரவு போட்ட நீதிபதி வந்து வால்வு திருப்பல.

உப்புக்கணக்கு:
கேட்டதுக்கு பதில் இல்ல. நானே கணக்கு போடுறேன். டார்க் ஷேடு சாயம் போட லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணி. ஆக கிலோவுக்கு 360 கிராம், ஒரு டன் துணிக்கு 360 கிலோ. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுறதோட உப்போட வேலை முடிஞ்சுது, போட்டது அத்தனையும் வெளிய வந்தாகணும். திரும்ப எடுத்தது போக பத்துல ஒரு பங்குதான் மிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். டன்னுக்கு 36 கிலோ. எங்க?

மெம்பரேன்:
லைட் ஷேடுக்கு 20 கிராமே போதும், அதை ஏன் அமுக்குறீங்க? வழிமுறை தெரிஞ்சு பேசுங்க. உயிரியல் தொட்டி, நிறம் எடுக்குற ரெசின், பிறகு மூணு நாலு கட்ட ஆர்ஓ. ஆர்ஓ ஒதுக்குற உப்புத்தண்ணியை, அதான் ரிஜெக்ட், எவாப்பரேட்டர்ல சுண்டவெச்சு சில்லர்ல குளுத்துனா சோடியம் சல்பேட் படிகமா விழும். 32 டிகிரிக்குக் கீழ அதோட கரையுற அளவு மளமளன்னு இறங்கும். சாதா உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, அப்படி விழாது. கடைசித் தண்ணியைக் காய்ச்சுனா ரெண்டும் கலந்து வர்றதுதான் மிக்ஸ்டு சால்ட். பட்டறைக்காரங்க சாதா உப்பை விட்டுட்டு சல்பேட்டுக்கு மாறுனா, சாயத்துல சேர்க்குற சோடாக் காரத்தை நியூட்ரல் பண்ண ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துறதை நிறுத்திட்டு சல்ப்யூரிக் ஊத்துனா, இது பெருமளவு குறையும்.

பனியன்காரன்:
சல்ப்யூரிக் ஊத்துவாங்களாம்! கடினத் தண்ணியில சல்பேட் ஏறுனா ஜிப்சம் படிஞ்சு ஆர்ஓ சவ்வு, அதான் மெம்பரேன், அடைக்கும். பேர்ல மட்டும் மெம்பரேன்.

மெம்பரேன்:
முன்னாடி தண்ணியோட கடினத்தை எடுக்குற சாப்ட்னர் வைக்கணுங்க. அதை ஒழுங்கா ரீஜெனரேட் பண்ணாம மெம்பரேனைக் குத்தம் சொல்றதே உங்க வாடிக்கை.

உப்புக்கணக்கு:
சாப்ட்னர் ரீஜெனரேஷனுக்கும் சாதா உப்புதானே போடுறீங்க? அந்தக் குளோரைடும் அதே மிக்ஸ்டு சால்ட் மூட்டையிலதான் சேருது. மூட்டை எங்க?

ஆத்தங்கரை:
நீங்க மூட்டையைத் தேடுங்க சாமி. நொய்யல் மேல இருக்குற ஒரத்துப்பாளையம் அணை 1992ல பாசனத்துக்குன்னு திறந்தது, சாயத்தண்ணி தேங்குற குட்டையாச்சு. வெளிய விடுற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்குறது விதி. பல வருஷம் அதை யாரு மதிச்சா? மண்ணுல இறங்குன உப்பை எந்த ஆர்ஓ எடுக்கும்?

பனியன்காரன்:
அண்ணா, அது பழைய கதை. இன்னைக்கு நிலவரம் பேசுங்க. பையர் சர்டிபிகேட் கேப்பான், சாயக்கூலியில கிலோவுக்கு ஒரு ரூபா ஏத்துங்கன்னா போன் எடுக்க மாட்டான். கழிவை அப்படியே ஆத்துல விடுற ஊருக்கு ஆர்டரைத் திருப்பிடுவான்.

உப்புக்கணக்கு:
அப்போ சந்தை காப்பாத்தலன்னு நீங்களே சொல்றீங்க. இதைத்தானே முதல் பதிவுல எழுதினேன்.

பனியன்காரன்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல. வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க. போன மாசம் மின்கட்டணத் திரியிலயும் இதே வேலைதான் பண்ணுனீங்க.

ஆத்தங்கரை:
பழைய கதையா? கிணத்துத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க தம்பி.

உப்புக்கணக்கு:
மின்கட்டணத் திரியிலயும் நீங்கதான் பதில் சொல்லாம ஓடுனீங்க. எவாப்பரேட்டருக்கு நீராவி எதுல வருது? பாய்லர்ல விறகு. அதையும் பசுமைக் கணக்குல எழுதிட்டீங்களா? எழுதிட்டு 36 கிலோவுக்கு வாங்க.

மெம்பரேன்:
எம்விஆர் வெச்ச இடத்துல விறகுச் செலவு குறையுங்க. கரண்டுலயே ஆவியை அழுத்தித் திரும்ப அதையே சூடேத்தப் பயன்படுத்தும்.

உப்புக்கணக்கு:
கரண்டு நிலக்கரியில. மூட்டை ஷெட்டுல. சரிதானே?

பனியன்காரன்:
இவருக்கு யாராவது ஒரு மூட்டை பார்சல் அனுப்புங்கப்பா.

உப்புக்கணக்கு:
அனுப்புங்க. எடை போட்டு இங்கேயே போடுறேன்.